நிற்கும்போது காட்டும் ஆறு பிஎஸ்ஐ

நைட்ரஸ் போட்ட டிராக் ரேஸ் காரில் பிஸ்டன் உருகினால் பழி முதலில் நைட்ரஸ் மேல்தான் விழுகிறது. ஜெட்டைப் பெரிதாகப் போட்டுவிட்டார்கள், பாட்டிலை அளவுக்கு மீறிச் சூடாக்கிவிட்டார்கள், பேராசைப்பட்டார்கள் என்று பேச்சு கிளம்பும். அமெரிக்காவின் 660 அடி, 1,320 அடி டிராக்குகளில் ஓடும் இந்தக் கார்களின் பெட்ரோல் வழியைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் என் முடிவு வேறு. நைட்ரஸ் பெரும்பாலும் வரவேண்டிய அளவில் வந்திருக்கும். வராமல் போனது பெட்ரோல். அதைவிட முக்கியமான விஷயம், பெட்ரோல் வராமல் போன அதே காரில், கார் நிற்கும்போது பார்த்த அழுத்தம் சரியாகவே இருந்திருக்கும். நிற்கும் காரின் கேஜ் காட்டும் எண்ணை நம்பி நைட்ரஸ் ஸ்விட்சைப் போடுவதுதான் இந்தத் தொழிலில் மிக அதிகமான எஞ்சின்களைத் தின்றிருக்கும் பழக்கம் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களை இங்கே வரிசையாக வைக்கிறேன்.

முதலில் நைட்ரஸ் என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். நைட்ரஸ் ஆக்சைடு தானாக எரிவதில்லை. சுமார் 300 டிகிரி செல்சியஸில் அது உடைந்து ஆக்சிஜனை விடுகிறது. எடையில் கணக்கிட்டால் காற்றில் 23 சதவீதம் ஆக்சிஜன், நைட்ரஸில் 36 சதவீதம். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். நைட்ரஸ் என்றால் ஏறத்தாழ ஒன்பதரை கிலோவே போதும். அப்படியானால் உள்ளே போகும் ஒவ்வொரு கிலோ நைட்ரஸும் தனக்குரிய பெட்ரோலைக் கேட்டுக்கொண்டுதான் போகிறது. கேட்டது கிடைக்காவிட்டால் மிஞ்சிய ஆக்சிஜனும் ஏறிய வெப்பமும் சேர்ந்து முதலில் பிளக்கின் எர்த் முனையையும், பிறகு பிஸ்டனின் விளிம்பையும் எரித்துவிடும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் உயரத்தில் பறக்கும் விமானங்களுக்கு ஜிஎம்-1 என்ற பெயரில் இதே வாயுவைப் பயன்படுத்தினார்கள். 1978-இல் கலிஃபோர்னியாவில் நைட்ரஸ் ஆக்சைடு சிஸ்டம்ஸ் நிறுவனம் தொடங்கிய பிறகு கடையில் கிட்டாகவே வாங்கிப் பொருத்தும் காலம் வந்தது. அந்த வசதியோடு ஒரு தவறான எண்ணமும் வந்து ஒட்டிக்கொண்டது. கிட்டில் நைட்ரஸ் ஜெட், பெட்ரோல் ஜெட் என்று ஜோடியாகக் கொடுத்திருக்கிறார்கள், ஆகவே கலவை தானாகச் சரியாக அமையும் என்பதே அந்த எண்ணம். ஜெட் என்பது ஒரு துளை மட்டும்தான். அதன் வழியே எவ்வளவு போகும் என்பதை அதன் பின்னால் நிற்கும் அழுத்தம் தீர்மானிக்கிறது.

இங்கேதான் கணக்கு முழுதாக பெட்ரோல் பக்கம் சாய்கிறது. ஒரு துளை வழியாகப் பாயும் திரவத்தின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி மாறும். கார்புரேட்டருக்கு அடியில் நைட்ரஸையும் பெட்ரோலையும் தெளிக்கும் பிளேட் வைத்த காரில் பெட்ரோல் அழுத்தம் ஆறு பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்வோம். அது ஐந்தாக இறங்கினால் பெட்ரோல் கிட்டத்தட்ட 9 சதவீதம் குறையும். நான்காக இறங்கினால் 18 சதவீதம். நைட்ரஸ் பாட்டிலில் இருப்பது 950 பிஎஸ்ஐ. அது 1,050 ஆக ஏறினாலும் நைட்ரஸ் தோராயமாக 5 சதவீதமே கூடும். பாட்டிலில் நூறு பிஎஸ்ஐ ஏறுவதைவிட பெட்ரோல் லைனில் ஒரே ஒரு பிஎஸ்ஐ இறங்குவது கலவையை அதிகமாகக் கெடுக்கிறது. ஆனால் பிட்டில் என்ன நடக்கிறது? பாட்டில் ஹீட்டரையும் பாட்டில் கேஜையும் கடைசி நிமிடம்வரை கண் கொட்டாமல் பார்க்கிறார்கள். பெட்ரோல் கேஜைக் காலையில் ஒரு முறை பார்த்ததோடு சரி. இன்ஜெக்ஷன் வைத்த கார்களில் லைன் அழுத்தம் நாற்பது, அறுபது பிஎஸ்ஐ என்று இருப்பதால் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் ஒரு சதவீதம்தான் போகும். அங்கே பிழைக்க இடம் உண்டு. கார்புரேட்டர், பிளேட் வைத்த காரில் அந்த இடமே கிடையாது. இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் காரைப் பற்றியதுதான்.

அழுத்தமும் பாய்ச்சலும் ஒன்றல்ல என்பதை மாடி வீட்டுக்காரர்கள் எல்லாரும் அறிவார்கள். குழாயை மூடி வைத்திருக்கும்வரை தொட்டியின் முழு அழுத்தமும் குழாயின் வாயில் நிற்கும். திறந்து, கீழ்வீட்டிலும் யாரோ திறந்துவிட்டால்தான் லைனில் அடைப்பு இருக்கிறதா என்பது தெரியும். நிற்கும் காரில், நைட்ரஸ் ஸ்விட்சைப் போட்டால் மட்டும் திறக்கும் பெட்ரோல் சோலனாய்டு வால்வு மூடியிருக்கிறது, கார்புரேட்டரின் ஊசி வால்வும் மூடியிருக்கிறது. லைனில் எதுவும் ஓடவில்லை. ஓட்டமில்லாத லைனில் எந்த அடைப்பும் அழுத்தத்தைக் குறைக்காது. பம்ப் பாதி செத்திருந்தாலும், ஃபில்டர் முக்கால் அடைந்திருந்தாலும் கேஜ் ஆறு காட்டும். திரும்பும் லைன் இல்லாத ரெகுலேட்டராக இருந்தால் இன்னும் மோசம். எல்லாம் நல்ல நிலையில் இருக்கும்போதே, நிற்கையில் ஆறு காட்டுவது ஓட்டத்தில் அதைவிடக் குறைந்துதான் நிற்கும். அதனால் ரெகுலேட்டரை பெட்ரோல் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டுமே திருப்பி அமைக்க வேண்டும் என்பது பழைய கைகளின் விதி. அந்த விதியைச் சொல்லாதவர் கிடையாது. அதன்படி செய்பவர்கள்தான் குறைவு.

நிற்கும் கேஜ் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் ஸ்டீல் பின்னிய ரப்பர் ஹோஸ். ஹோஸை வெட்டி, முனையில் ஃபிட்டிங்கை அழுத்தித் திருகும்போது, ஃபிட்டிங்கின் மூக்கு சில சமயம் உள் ரப்பரைச் சீவிவிடும். சீவிய தோல் முழுதாக அறுந்து விழாமல் ஒரு ஓரம் ஒட்டிக்கொண்டு நாக்கு மாதிரி உள்ளே தொங்கும். வெளியே இருந்து பார்த்தால் ஹோஸ் புத்தம்புதிது. பின்னல் பளபளக்கும், ஒரு சொட்டு ஒழுகாது. பெட்ரோல் மெதுவாகப் போகையில் அந்த நாக்கு ஓரமாக ஒதுங்கியிருக்கும். சோலனாய்டு திறந்து ஓட்டம் வேகமெடுத்ததும் எழுந்து வழியை அடைக்கும். ஓட்டம் நின்றதும் மறுபடி ஒதுங்கிவிடும். ரேஸ் முடிந்து வந்து பார்த்தால் ஆறு பிஎஸ்ஐ, குறையே இல்லாத ஆறு பிஎஸ்ஐ. பம்பை மாற்றுவார்கள், ரெகுலேட்டரை மாற்றுவார்கள், குறை அப்படியே இருக்கும். ஹோஸைக் கழற்றி ஒரு முனையில் டார்ச் அடித்து மறு முனையில் கண் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வளைந்த ஹோஸுக்குள் பார்க்க முடியாவிட்டால் ஃபிட்டிங்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும். புதிதாகக் கட்டிய ஹோஸ்களை முதலிலேயே இப்படிப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து, கார் கிளம்பும் நேரம். டேங்கும் பம்பும் பின்னால், எஞ்சின் முன்னால். நடுவில் சுமார் மூன்று மீட்டர் ஹோஸ். கார் முன்னோக்கிப் பாயும்போது ஹோஸில் இருக்கும் பெட்ரோல் பின்னோக்கித் தள்ளும். புவியீர்ப்புக்குச் சமமான முடுக்கத்தில் மூன்று மீட்டர் பெட்ரோல் பின்னால் தள்ளும் அழுத்தம் சுமார் 3 பிஎஸ்ஐ. நல்ல டயரும் நல்ல டிராக்கும் கிடைத்த கார் முதல் 60 அடியில் அதற்கும் மேல் பாயும். ஒன்றரை மடங்கு என்று வைத்தால் 4.7 பிஎஸ்ஐ. பம்ப் எட்டு பிஎஸ்ஐ மட்டுமே தள்ளக்கூடியது, ரெகுலேட்டர் முன்னால் ஆறில் அமைந்திருக்கிறது என்றால், அந்த வினாடியில் ரெகுலேட்டருக்கு வந்து சேருவதே 3.3 பிஎஸ்ஐ. அதைக் குறைக்கத் தெரிந்த ரெகுலேட்டருக்குக் கூட்டத் தெரியாது. பெட்ரோல் கால் பங்கு குறைந்துவிடும். நைட்ரஸ் பாட்டிலும் பின்னால்தானே இருக்கிறது, அதன் லைனும் அதே நீளம்தானே என்று கேட்கலாம். ஆம், அங்கேயும் கிட்டத்தட்ட அதே இழப்புதான். ஆனால் 950-இல் நாலரை போனால் நைட்ரஸுக்கு அது தெரியவே தெரியாது. ஒரே பாய்ச்சலில் ஒரு லைன் சாகிறது, மற்றது அசையாமல் நிற்கிறது. இந்தக் குறையை கார் நிற்கும் இடத்தில் எந்த வித்தையாலும் காண முடியாது. ஏனென்றால் கார் பாயும்போதுதான் அது பிறக்கிறது. டேங்கில் பெட்ரோல் உறிஞ்சும் குழாயின் வாய் முன்பக்கம் அமைந்திருந்தாலும் இதே நேரத்தில்தான் தெரியும்; பெட்ரோல் பின்சுவரில் ஏறி நிற்க, பம்ப் காற்றைக் குடிக்கும்.

ஓட்டத்தின் கடைசிப் பாதியில் லீன் ஆகும், அதாவது கலவையில் பெட்ரோல் குறையும் கார்களின் கதை வேறு. பாட்டில் காலியாகக் காலியாக அதன் அழுத்தம் இறங்கும். 950-இல் தொடங்கியது முடிவுக்கோட்டில் 850-க்கும் கீழே வந்திருக்கும். நைட்ரஸ் குறைகிறது என்றால் பெட்ரோல் மாறாதிருக்கையில் கலவை பெட்ரோல் மிகுந்த ரிச் பக்கம்தான் நகர வேண்டும். நகராமல் லீன் பக்கம் போகிறது என்றால், நைட்ரஸ் இறங்கியதைவிட வேகமாக பெட்ரோல் இறங்கியிருக்கிறது என்று கொள்வதே நியாயம். காரணம் பம்பில் இருக்கலாம், ஃபில்டரில் இருக்கலாம், டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைந்து உள்ளே வெற்றிடம் உண்டாகியிருக்கலாம், ரேஸ் டேங்குக்குள் வைத்த ஸ்பாஞ்ச் பொடிந்து வலையில் படிந்திருக்கலாம். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது கரண்ட். பல ரேஸ் கார்களில் ஆல்டர்னேட்டரே இருக்காது, பேட்டரியை நம்பியே ஓட்டம். இக்னிஷன், சோலனாய்டுகள், பம்ப், ஃபேன் எல்லாம் சேர்ந்து இழுக்கும்போது பம்பின் முனையில் வோல்டேஜ் இறங்கும். அதோடு பம்பின் வேகமும் இறங்கும். டிக்கியில் பெயின்ட் மேல் திருகிய எர்த், கனமில்லாத வயர், கருகிய ரிலே ஆகியவற்றைத்தான் சந்தேகப்பட வேண்டும். பேட்டரியில் அளந்த வோல்டேஜை எழுதிவைத்துப் பயனில்லை. எல்லாவற்றையும் ஓடவிட்டு, பம்பின் இரண்டு முனைகளிலும் மீட்டர் வைத்து அளக்க வேண்டும். பேட்டரிக்கும் பம்புக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயரிங்கைச் சரிசெய்யாமல் பம்பைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை.

நைட்ரஸ் ஏறிய கணத்தில் மட்டும் தடுமாறும் காரும் உண்டு. பெட்ரோல் சோலனாய்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே குழாய் நீளமாக இருந்தால் நைட்ரஸ் முந்திக்கொள்ளும். குழாயைக் குட்டையாக்கினால் போதும்.

நிற்கும் கேஜை நம்பக் கூடாது என்பதற்கு வரும் முதல் ஆட்சேபம் மரியாதைக்குரியது. "பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலே எல்லாம் தெரியுமே, தலைமுறையாக அப்படித்தானே செய்கிறோம்?" என்பார்கள். பிளக் படிக்கத் தெரிந்தவர்களின் கண்ணை நான் குறைத்து மதிக்கவில்லை. எர்த் முனையில் நிறம் மாறிய இடம், பீங்கானில் ஒட்டிய அலுமினியப் புள்ளிகள் ஆகியவை பொய் சொல்வதில்லை. எந்த சிலிண்டர் லீன் என்று பிளக் சொல்லும். அதை வேறு எந்தக் கருவியும் அவ்வளவு மலிவாகச் சொல்லாது. ஆனால் எப்போது லீன் ஆனது என்று பிளக் சொல்லாது. கிளம்பும்போது ஒரு வினாடி பட்டினி கிடந்த எஞ்சினுக்கும், கடைசி ஒரு வினாடி பட்டினி கிடந்த எஞ்சினுக்கும் பிளக் ஒரே மாதிரி வரலாம். வைத்தியமோ இரண்டுக்கும் வேறு. நைட்ரஸுக்குத் தக்கபடி டைமிங்கைப் பின்னால் தள்ளாத காரிலும் எர்த் முனை எரிந்துதான் வரும். அங்கே பெட்ரோலைக் கூட்டினால் நோயை விட்டு வேறொன்றுக்கு மருந்து கொடுத்ததாகும். சைலன்ஸர் குழாயில் வைக்கும் ஆக்சிஜன் சென்சாரை நம்புவோரும் இதே இடத்தில் சறுக்குகிறார்கள். அந்த சென்சார் ஒரு பக்கத்து சிலிண்டர்கள் நான்கின் சராசரியைச் சற்றுத் தாமதமாகச் சொல்கிறது. அதைவிட ஆபத்து ஒன்று உண்டு. கலவை மிக ரிச்சாகி சிலிண்டர் தீப்பிடிக்காமல் விட்டால், எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியே வரும். சென்சார் அதைப் பார்த்து லீன் என்று காட்டும். ஏற்கெனவே மூழ்கிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்கு மேலும் பெட்ரோல் ஊற்ற அந்த எண்ணே காரணமாகிவிடும்.

இரண்டாவது ஆட்சேபம்: "எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? பெட்ரோல் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கு, பம்பைப் பெரிதாகப் போடு, ரிச் என்றால் புகைதான் வரும், உருகாது." பாதுகாப்பு என்ற பெயரில் வருவதால் இதை மறுப்பது கஷ்டம், ஆனாலும் மறுத்தே ஆக வேண்டும். ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 60 பங்கு உள்ள துளையை 62 ஆக்கினால், அழுத்தம் மாறாமல் இருந்தால், பெட்ரோல் 7 சதவீதம் கூடும். அழுத்தம் மாறாமல் இருக்குமா என்பதுதான் கேள்வியே. லைன் ஏற்கெனவே எல்லையில் நின்றால் துளை பெரிதானதும் அழுத்தம் இன்னும் இறங்கும். கூடுதலாகப் போகும் பெட்ரோல் கார்புரேட்டரின் பங்கிலிருந்து பிடுங்கியதாக இருக்கும். லைன் நன்றாக இருக்கும் நேரத்திலோ தேவைக்கு மேல் பெட்ரோல் கொட்டும். அது மேனிஃபோல்டின் தரையில் தேங்கி, ஒரு பேக்ஃபயரில் கார்புரேட்டரையே தூக்கி எறியும். சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலையும் கழுவிவிடும். பெரிய பம்பும் அப்படியே. உறிஞ்சும் பக்கத்து ஹோஸ் சிறியதாக இருந்தால் பெரிய பம்ப் அதிலிருந்து ஆவியைத்தான் இழுக்கும். அது இழுக்கும் கூடுதல் கரண்ட் அதே மெல்லிய வயரில் வோல்டேஜை மேலும் இறக்கும். பெட்டியில் மணிக்கு 140 கேலன் என்று அச்சிட்டிருப்பது எதிரே அழுத்தமே இல்லாதபோது தள்ளும் அளவு.

அப்படியானால் எவ்வளவு வேண்டும்? சொந்த பலம் 600 குதிரைத்திறன், நைட்ரஸில் 250 என்று ஒரு வி8-ஐ எடுத்துக்கொள்வோம். குதிரைத்திறன் ஒன்றுக்கு மணிக்கு அரை பவுண்டு பெட்ரோல் என்பது பட்டறைக் கணக்கு. நைட்ரஸ் பங்கைச் சற்று ரிச்சாக வைப்பதால் அங்கே 0.6. மொத்தம் மணிக்கு 450 பவுண்டு. நிமிடத்துக்கு நாலரை லிட்டருக்குச் சற்று மேல், அதில் நைட்ரஸ் பங்கு ஒன்றரை லிட்டர். ஆறு வினாடி ஓட்டத்தில் நைட்ரஸ் கேட்கும் பெட்ரோல் வெறும் 150 மில்லி, ஒரு டம்ளர் அளவு. அது சரியான நேரத்தில் வராததால்தான் எஞ்சின்கள் போகின்றன. சோதனை எளிது. பிளேட்டுக்குப் போகும் பெட்ரோல் குழாயைக் கழற்றி, அதே ஜெட்டை முனையில் வைத்து, அளவு போட்ட கேனில் பத்து வினாடி பிடிக்க வேண்டும். ஆனால் பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது லைனின் சுமையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் சோதிக்கிறது. கார்புரேட்டருக்குப் போகும் லைனையும் கழற்றி, நிமிடத்துக்கு மூன்று லிட்டர் விடும் ஒரு துளை வைத்து இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். பத்து வினாடியில் இரண்டு கேனிலும் சேர்த்து 770 மில்லி வருகிறதா, சோலனாய்டின் வாயில் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க வேண்டும். திறந்த வெளியில், இக்னிஷன் இல்லாமல், தீயணைப்பானோடு ஒருவர் பக்கத்தில் நிற்க இதைச் செய்வது கட்டாயம்.

நிற்கும் சோதனையில் அளவு சரியாக வந்தும் ஓட்டத்தில் லீன் ஆனால் மிச்சம் இருப்பது முடுக்கமும் நேரமும்தான். அதற்கு சோலனாய்டை ஒட்டி, 15 பிஎஸ்ஐ வரை படிக்கும் சென்சார் ஒன்றை வைத்துப் பதிவெடுக்க வேண்டும். ரெகுலேட்டரில் வைத்தால் அதற்கப்புறம் நடக்கும் இழப்பு மறைந்துவிடும். அவ்வளவு பணம் இல்லை என்பது நியாயமான குறை. முன்கண்ணாடிக்கு வெளியே ஒரு சாதாரண கேஜைப் பொருத்தி, செல்போன் கேமராவால் படம் பிடித்தாலும் போதும். பெட்ரோல் நேராக வரும் கேஜைக் காருக்குள் மட்டும் வைக்கக் கூடாது. அழுத்தம் குறைந்தால் நைட்ரஸை நிறுத்தும் சேஃப்டி ஸ்விட்ச் பல கிட்களில் உண்டு. கிளம்பும்போது அது நைட்ரஸை வெட்டுகிறது என்று எரிச்சலில் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிடுவார்கள். நான் மேலே சொன்ன 3.3 பிஎஸ்ஐயைக் காட்டிக்கொடுத்த ஒரே சாட்சி அந்த ஸ்விட்ச். குறை காரின் பாய்ச்சலால்தான் என்று உறுதியானால் முன்பக்கம் நைட்ரஸுக்கென்று தனியாக நாலு லிட்டர் டேங்க், தனி பம்ப், தனி ரெகுலேட்டர் வைப்பதுதான் சரியான தீர்வு. ஹோஸ் ஒரு அடியாகச் சுருங்கினால் இழப்பும் அரை பிஎஸ்ஐக்குள் அடங்கும். கார்புரேட்டரோடு பங்குச் சண்டையும் ஓயும். ஆக்டேன் கூடிய பெட்ரோலை அதில் மட்டும் ஊற்றிக்கொள்ளலாம். எடை கூடும் என்பார்கள். நாலு லிட்டர் பெட்ரோல் மூன்று கிலோ.

இந்தக் கார்களை வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். பத்து வினாடியில் எத்தனை மில்லி, எல்லாம் திறந்திருக்கும்போது சோலனாய்டின் வாயில் எத்தனை பிஎஸ்ஐ, பம்பின் முனையில் எத்தனை வோல்ட் என்ற மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி டூல் பாக்ஸின் மூடியில் ஒட்டுங்கள். ஹோஸோ ஃபில்டரோ ஜெட்டோ எது மாறினாலும் மறுபடி அளந்து எழுதுங்கள். அந்த மூன்று எண்களும் தாளில் ஏறும்வரை பாட்டிலின் வால்வைத் திறக்க வேண்டாம்.